அப்பாவுக்கு வெளிநாட்டில் ஒரு மகன்

என் அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க, ஏமாந்துடாதீங்க" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன். அவனுக்குத்தான் வெளிநாட்டு வக்கீல் என்று சொல்லிக்கொண்டு எவனோ மெயில் அனுப்பியிருந்தான். விமான விபத்தில் ஒரு பணக்காரன் செத்துவிட்டானாம். பெண்டாட்டி, பிள்ளை கிடையாதாம். அவனுக்கும் அண்ணனுக்கும் ஒரே குடும்பப் பெயராம். அதனால் கோடிக்கணக்கான சொத்துக்கு அண்ணன்தான் வாரிசாம். முதலில் வரியை மட்டும் கட்டிவிட்டால் போதுமாம்.

அந்த வரிக்காக அம்மாவின் வீட்டை அடமானம் வைக்கப் பத்திரம் கேட்டு வந்து நின்றான். அம்மாவுக்கென்று இருப்பது அந்த இரண்டு அறை வீடு மட்டும்தான். நானும் அவளோடுதான் இருக்கிறேன். இது போனால் இருவரும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

போனை வாங்கி மெயிலைப் படித்தேன். செத்தவனின் குடும்பப் பெயர் என்று போட்டிருந்தது எங்கள் அப்பாவின் பெயர். மெயில் கணக்கு தொடங்கும்போது குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அண்ணன் அப்பா பெயரை நிரப்பியிருந்தான். அந்தத் திருட்டுப் பயல் அதைப் பொறுக்கியெடுத்து இல்லாத பிணத்துக்குச் சூட்டியிருக்கிறான்.

"அண்ணா, நமக்கு ஏது குடும்பப் பேரு? இது அப்பாவோட பேரு. சித்தப்பாகூட தாத்தா பேரைத்தான் போட்டுக்கிறாரு. நம்ம சொந்தத்துல அப்பா பேரைப் போட்டுக்கிறது நீயும் நானும் மட்டும்தான். இவன் நமக்குச் சொந்தம்னா, அப்பாவுக்குப் பிறந்தவனாத்தான் இருக்கணும்" என்றேன்.

கழுதைக்குக்கூட இதற்குள் புரிந்திருக்கும். அண்ணன் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தேன். மலர்ச்சிதான் வந்தது.

"அப்படின்னா, அப்பாவுக்கு அங்க இன்னொரு குடும்பம் இருந்திருக்கு."

எங்கள் அப்பா! வாட்ச் ரிப்பேர் கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை என்று கிடந்த மனிதர். பக்கத்து ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட, வேறு தலையணையில் தூக்கம் வராது என்று பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். அவர் கடல் தாண்டிக் குடித்தனம் நடத்தினாராம். செத்தவர் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப்போகிறார்? அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல எனக்குக் கை துறுதுறுத்தது.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"பரவாயில்லையே, இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்துட்டியே" என்றாள். "அவளும் உனக்கு அம்மா முறைதானேடா? போ, பத்திரத்தை அவகிட்ட கேளு. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். இப்போதாவது உறைத்ததே என்று கதவைச் சாத்தப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் நின்று வக்கீலிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். செத்தவனுடைய தாயார் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் அந்த அம்மாளும் பங்குக்கு வருவாரா என்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்தான்.