எந்த அசோகன்?

பலகையைக் கழற்றியவன் அவள் பெற்ற மகன்தான்.

ராஜாத்தி வேலை முடிந்து ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தெருமுனையில் இரும்புக் கம்பம் மொட்டையாக நின்றது. 'அசோகன் தெரு' என்று கையால் எழுதிய நீலத் தகரப் பலகை அதில் இல்லை. சடையங்குப்பத்தில் வெள்ளம் வந்த ஒவ்வொரு வருஷமும் தண்ணீரில் முழுகி, சேற்றோடு மறுபடி தலை காட்டிய பலகை அது.

தேட வேண்டிய வேலையே இல்லை. பத்தடி தள்ளிக் கால்வாய் வழிந்து தேங்கிய இடத்தில் அதைக் குப்புறப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் செருப்புக்காலோடு அதன் மேல் ஏறித்தான் அந்தப் பக்கம் போனார்கள். பால் பாக்கெட்டோடு ஒரு ஆள் பாதி வழியில் இருக்கும்போதே ராஜாத்தி குனிந்து பலகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவன் சாக்கடையில் கால் வைத்துக் கன்னாபின்னாவென்று திட்டினான். அவள் காதில் வாங்கவில்லை. சேறு சொட்டச் சொட்ட அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. துடைத்துப் பழகிய கை. வாசலிலேயே உட்கார்ந்து பலகையைத் துடைத்தாள். உள்ளே பாரி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சேதி சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் வளைவு திறக்கிறார்கள். சிமெண்ட் தூண், மேலே நாலு சிங்கம், நடுவில் சக்கரம். 'சக்கரவர்த்தி அசோகர் தெரு.' மாநகராட்சியின் புதுப் பலகையும் அதே பேரில் வந்துவிட்டது. விழாவில் பேசப்போவது இளைஞர் மன்றத்தின் சார்பில் பாரியேதான்.

"அப்ப உங்க நைனா?" என்றாள் ராஜாத்தி.

பாரி சீப்பை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அவரு இன்னா பண்ணிக்கீறாரு தெருவுக்குப் பேரு வைக்க? பெத்த புள்ள மூஞ்சியக்கூடப் பாக்காம பம்பாய் ஓடுனாரே, அதுக்கா?"

அந்தப் பேச்சுக்கு அவன் வயசுதான். அசோகன் பேசின் பிரிட்ஜ் பூக்காரி ஒருத்தியோடு ரயிலேறிவிட்டான் என்று எவனோ கிளப்பிவிட்டான். வளர்கிற பிள்ளைக்கு முன்னால் கிளப்பினால் அது கூடவே வளரும்தானே?

வீட்டில் எல்லோருக்கும் பேர் வைத்தது ராஜாத்தியின் மாமனார் கோதண்டம். வியாசர்பாடியில் புத்த விகாரைக்கு வெள்ளை வேட்டியோடு போய் வந்த மனுஷன். பிள்ளைக்குப் பெரிய ஆள் பேர் வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி என்பார். மகளுக்கு ரமாபாய். அம்பேத்கரின் மனைவி ரமாபாயா, விதவைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பண்டிதை ரமாபாயா என்று யாராவது கேட்டால், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று சிரிப்பார். மகனுக்கு அசோகன். பேரனுக்குப் பாரி.

பாரிக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. போனில் தேடித் தேடிப் படிப்பான். காஷ்மீரத்தில்கூட அசோகன் என்று ஒரு ராஜா இருந்ததாகப் பழைய நூல் சொல்கிறதாம். சினிமாவில் கண்ணை உருட்டி மிரட்டிய அசோகன் இருந்தாராம். அத்தனை பேருக்கும் மேலே அந்த மௌரியச் சக்கரவர்த்தி. இத்தனை அசோகன்களில் பாரி கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவன் அப்பன்தான்.

"உன் பேர்ல கீற ராஜா முல்லைக்கொடிக்குத் தேரையே வுட்டுட்டு நடந்து போனாராம்" என்றாள் ராஜாத்தி, துணியைப் பிழிந்துகொண்டே. "நீ உங்கப்பனுக்கு ஒரு தகரப் பலகைய வுட மாட்டேன்ற."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நடந்தது ராஜாத்திக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவள்.

மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. காண்ட்ராக்ட் ஆள் அசோகன், தொட்டி கழுவ உள்ளே இறங்கினவன், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரவில்லை. ஒரு நாள் போயிற்று. ரெண்டாம் நாள் பாரியை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் தொழிற்சாலை கேட்டுக்குப் போனாள். பின்னாலேயே தெரு மொத்தமும் போயிற்று. உள்ளே எவனோ மயங்கி விழுந்தான், தூக்கவே இல்லை என்று கசமுசாவென்று பேச்சு. போலீஸ் வந்தது. கும்பல் கேட்டை உலுக்கியது.

அப்போதுதான் மேனேஜர் சிரித்த முகமாக வெளியே வந்தார். எந்த அசோகன் என்று கேட்டார். நம்மிடம் இருப்பது ஒரே அசோகன், இதோ இருக்கிறான் என்று மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருத்தனைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். போலீஸ்காரர் அவன் பேரைக் கேட்டார். அசோகன் என்றான். அன்றைக்குத் தொட்டி வேலைக்குப் போனது யார் என்று கேட்டார். நான்தான் என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

என் புருஷன் இவனில்லை என்று ராஜாத்தி தொண்டை கிழியக் கத்தினாள். அப்படியானால் உன் புருஷன் இங்கே வேலைக்கே வரவில்லை, வேறு எங்கேயாவது போய்த் தேடு என்று சொல்லிவிட்டார்கள். உயிரோடு ஒரு அசோகன் கண் முன்னால் நிற்கிறான். கும்பலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கலைந்துவிட்டது.

கலைந்துபோன வெட்கத்திலோ என்னவோ, அடுத்த வாரம் தெருக்காரர்களே ஒரு தகரத்தை வெட்டி, பேர் எழுதி, கம்பத்தில் மாட்டினார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு அவள் மாலை போட்ட இடம் அந்தக் கம்பம்தான்.

மறுநாள் காலை திருவொற்றியூரில் ஜெபசிங்கின் ஹார்ட்வேர் கடைக்குப் போனாள். வளைவு அவருடைய உபயம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டு நிலைத்தவர், கெட்ட மனுஷன் இல்லை. அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ராஜா பேரை எடுக்க வேண்டாம். அவரும் நம்மவர்தான், அவர் படம் என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. தூணில் கீழே ஒரு வரி, 'மணலியில் உயிர்விட்ட தொழிலாளி கோ. அசோகன் நினைவாக.'

ஜெபசிங் நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, நான் மாட்டேம்னு சொல்லல. தெறந்து வைக்க வாரவரோட ஆளு கேக்காரு, எந்த அசோகன்னு. ராஜான்னா பேச்சு அத்தோட முடிஞ்சுது. ஒங்க வீட்டுக்காரர்னா, செத்ததுக்கு என்ன ருசுன்னு கேப்பாரு. நான் எதக் காட்டட்டும்?"

அசோகன் தொட்டிக்குள் இறங்கியதைப் பார்த்தேன் என்று ஒரே ஒரு ஆள் வந்து சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்து வெட்ட நான் பொறுப்பு என்றார்.

அப்படி ஒரு ஆள் இருந்தான். தரையைப் பார்த்து நின்ற ஆள்.

அவனை அவள் அதற்கப்புறம் ஒரு தடவை பார்த்திருந்தாள். ஸ்டேஷனில் மாப் போட்டுக்கொண்டு நின்றபோது எஸ்கலேட்டரில் மேலே வந்தான். நரைத்திருந்தான், ஆனாலும் அதே முகம். அவளைக் கண்டதும் வந்த படியிலேயே திரும்பி, மேலே ஏறுகிற எஸ்கலேட்டரில் கீழே ஓடினான். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். அந்த முதுகில், சட்டையில் அச்சடித்திருந்த எண்ணூர் டயர் கடையின் பேரை அவள் படித்துவிட்டாள். அன்றைக்குத் தேடிப்போகத் தெம்பில்லை. போய் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

இப்போது தெரிந்தது.

வண்டியில் ஒரே ஒரு தடவை எண்ணூருக்கு இட்டுனு போ, அதுக்கப்புறம் உங்கப்பன் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று பாரியிடம் சொன்னாள். அந்தப் பேச்சு நின்றால் சரி என்றுதான் அவன் வண்டியை எடுத்தான்.

வழி நெடுகக் கண்டெய்னர் லாரிகள். வெயில் புழுதியில் மங்கிக் கிடந்தது. டயர் கடையை விசாரித்துக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பாரி வண்டியை ஸ்டாண்ட் போடும்போதே ராஜாத்தி அப்படியே நின்றுவிட்டாள்.

கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதே முகம். மல்லிகைப் பூ வளையத்துக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது. இந்தத் தடவை ஓட முடியவில்லை அவனால்.

ஆனால் போஸ்டரில் பேர் வேறாக இருந்தது. 'மணி' என்று போட்டிருந்தது.

பாரி உதட்டைப் பிதுக்கினான். ஆளை மாத்திப் புடிச்சிக்கீற, கிளம்பு என்றான். ராஜாத்தி போஸ்டரில் இருந்த விலாசத்தைப் படித்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் நடந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் வந்தான்.

செத்தவனின் மனைவி ஜெயக்கொடி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. வந்தவர்களை யாரென்று கேட்கவில்லை, பாய் விரித்தாள். சாவு வீட்டில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான்.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள் ராஜாத்தி. முன்னே மணலியில் அவரோடு வேலை பார்த்தவரின் மனைவி நான், அப்போது அவர் பேர் மணி இல்லையே என்றாள்.

ஜெயக்கொடி தலையாட்டினாள். கார்டில் எல்லாம் அசோகன்தான். ஆனால் வீட்டில் அந்தப் பேரை எடுக்கக் கூடாது. மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பேரைப் போட்டுவிட்டார்கள் என்று கட்டோடு கொண்டுபோய்த் திருப்பி அடிக்க வைத்தார். தெருவில் வேறு யாரையாவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட முகம் செத்துவிடும். போஸ்டரிலாவது சரியான பேரைப் போடலாம் என்று மருமகன் சொன்னான், நான்தான் விடவில்லை என்றாள்.

"ஏன்னு கேட்டதே இல்லியா?" இது பாரி. அங்கே வந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கேட்டேன் தம்பி. ஒரு தபா குடிச்சிட்டு வந்து அழுதாரு. அப்பக் கேட்டேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அசோகன் தொட்டிக்குள்ளயே கெடக்குறான், என்னை அந்தப் பேர்ல கூப்டாதன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. காத்து கருப்பு அண்டிகிச்சோன்னு மசூதிக்கு இட்டுனு போயி மந்திரிச்சேன்."

பாரியின் கை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி ராஜாத்தி பக்கம் திரும்பினாள். "உங்க வூட்டுக்காரரு பேரு இன்னாக்கா?"

ராஜாத்தி வாயைத் திறந்தாள். சொன்னால் போதும். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கிவிடும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஜெபசிங் முன்னால் நிறுத்தினால் தூணில் எழுத்து ஏறும்.

பொட்டு இருந்த அந்த வெளுத்த இடத்தையே பார்த்தாள்.

"அவரு போயி ரொம்ப நாளாச்சும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் பாரி கேட்டான், சொல்லியிருக்கலாமே என்று.

"தாலிய எறக்கி இன்னும் காரியம்கூட ஆவல. அவளாண்ட போயி, உன் புருஷன் பொய் சொல்லித்தான் என் புருஷன் காணாப் போனான்னு சொல்றதா? அவளுக்கு அவன் மணி. மணியாவே இருந்துட்டுப் போட்டும்."

"வளைவுல பேரு வராதும்மா."

"வராது" என்றாள் ராஜாத்தி. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். திரும்பும் வழி முழுக்க அவன் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெடி வெடித்தது. தப்பாட்டம் அதிர்ந்தது. நாலு சிங்கங்களும் வெள்ளைப் பெயிண்ட்டில் பளபளத்தன. திறந்து வைக்க வந்தவர் மைக்கைப் பிடித்துக் கலிங்கத்துக் கதையைச் சொன்னார். லட்சம் பேரைக் கொன்ற ராஜா மனசு உடைந்து அழுதாராம், எத்தனை பேர் செத்தார்கள் என்று தன் கல்வெட்டிலேயே வெட்டி வைத்தாராம். ராஜாத்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொன்றவரே சாவைக் கல்லில் எழுதி வைத்த ஊரா இது என்று தோன்றியது அவளுக்கு. மணலித் தொழிற்சாலைக்காரனுக்கு ஒரே ஒரு பேரை எழுதக் கை வரவில்லையே.

அடுத்ததாகப் பாரி பேசுவான் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம்.

அவன் வீட்டுக்குப் பின்னால் வண்டியோடு நின்றான். புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிற பழைய சட்டையைப் போட்டிருந்தான்.

"யம்மா, வா. அன்னிக்கு நீ எந்த கேட்டாண்ட போய் நின்னேன்னு காட்டு."

மணலி மதிற்சுவர் அப்படியேதான் இருந்தது. மேலே கம்பிச் சுருள் மட்டும் புதுசு. உள்ளே குழாய்கள், தொட்டிகள், உயரத்தில் புகை. மூக்கை அரிக்கிற அதே நெடி. டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. ராஜாத்தி கையை நீட்டி இடத்தைக் காட்டினாள். அந்த ஹெல்மெட்காரன் நின்ற இடத்தில் இப்போது செக்யூரிட்டி கூண்டு இருந்தது.

பாரி நேராக அதை நோக்கி நடந்தான். செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான்.

"அசோகன்."

"எந்த அசோகன்? இங்க நாலஞ்சு பேர் இருக்காங்க."

ஒரு டேங்கர் உறுமிக்கொண்டு உள்ளே போனது. பாரி சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"கோதண்டம் புள்ள அசோகன். சடையங்குப்பம். தொட்டி கழுவ உள்ள போனாரு. இன்னும் வெளிய வரல. நான் அவரு புள்ள."

செக்யூரிட்டி பேனாவைக் கையில் எடுத்தவன் அப்படியே நிமிர்ந்து, பின்னால் நின்ற ராஜாத்தியைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

தாயும் பிள்ளையும் வெயிலில் தள்ளி நின்றார்கள்.