பன்றி கட்டிய சுவர்

வேட்டையில் விழுந்த விலங்குகளின் கல்லீரலை அறுத்துப் பார்ப்பதுதான் கால்நடை டாக்டரம்மாவின் வேலை. வேறு நாட்டு மான்களோடு வந்த தட்டைப்புழு ஒன்று அந்தக் காட்டில் சொந்த வீடு போலக் குடியேறிவிட்டது. உள்ளூர் மான் பரம சாது. கல்லீரலுக்குள் வந்த புழுவைச் சுற்றி மெல்லிய பை ஒன்றைக் கட்டி, அதன் முட்டைகள் வெளியே போக வழியும் விட்டுவைக்கும். மான் புழுக்கையில் முட்டை கொட்டிக் கிடந்தது. காட்டுப்பன்றியின் விட்டையிலோ மருந்துக்குக்கூட ஒன்றில்லை. "பன்றிக்கு இந்தப் புழுவே கிடையாது" என்று போன வருஷம் டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தார்.

இன்று முதன்முதலாக ஒரு பன்றியின் கல்லீரல் மேஜைக்கு வந்தது. பாதியிலேயே கத்தி முட்டிக்கொண்டு நின்றது. அழுத்திப் பிளந்தால், வாசலே இல்லாத தடித்த சுவர். அதற்குள் புழுவும், வெளியேற வழியின்றி அடைந்துபோன முட்டைகளும்.

"அடப்பாவி, இத்தனையும் உள்ளயே வச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்துன?" என்று சிரித்தார்.

அப்போது கணவர் போன் செய்தார். நாலு நாள் தங்க வந்து மாதக்கணக்கில் சோபாவை விட்டு எழாத அவருடைய அண்ணனைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேங்கறார். சரின்னுட்டேன். உனக்குத்தான் மனசுல ஒண்ணும் கிடையாதே, ஒரு வார்த்தை வெளிய வந்ததில்லையே!"

டாக்டரம்மா தட்டிலிருந்த கல்லீரலைப் பார்த்தார்.

"விட்டையை மட்டும் பார்த்துட்டு பன்றியைப் பத்தி நானும் அப்படித்தாங்க சொன்னேன். அண்ணனையும் பக்கத்துல உக்கார வைங்க, இதோ கிளம்பி வர்றேன்."