ஓடுபாதை வாசலில் ஒரு நிறைகுடம்

யார் எதைக் கேட்டாலும் மறுக்க வாய் வராத பிறவி லோஜினி. விமானம் ஓட்டப் பழகுகிறவளுக்கு அந்தக் குணம் ஆகவே ஆகாது. வெள்ளத்தில் அகப்படும் ஊர்களுக்கு மருந்தும் சாமானும் கொண்டுபோகும் ஒரு மிஷன் சபைதான் அவளைப் பழக்கியது. முதல் சோதனையில், கீழே நின்றவர்கள் கைகாட்டிக் கூப்பிட்டார்கள் என்பதற்காக, மாடு நின்ற ஓடுபாதையில் இறங்கித் தோற்றாள். இன்றைக்கு இரண்டாவது சோதனை. இதிலும் தவறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தைத் தாண்டி, மூதூர், தோப்பூர் வயல்களுக்கு மேலாக வெருகல் பக்கம் பறந்தாள். சோதிக்க வந்த றம்லா மேடம் மடியில் குறிப்புத்தாளோடு பக்கத்தில் இருந்தார். பின்னால் மருந்துப் பெட்டிகள். போகிற ஊரில் மண் ஓடுபாதை போட்டு ஒரு மாதம்தான். இதுவரை ஒரு விமானமும் இறங்கவில்லை.

முதல் விமானம் வருகிறதென்றால் ஊரார் சும்மா இருப்பார்களா? விருந்தாளி வரும் வாசலில் நிறைகுடம் வைப்பதுதானே முறை. விமானத்துக்கு வாசல், ஓடுபாதை தொடங்கும் இடம். அங்கே நட்டநடுவில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, நிறைகுடமும் இரண்டு குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். விமானத்தின் சில்லு தரையில் படவேண்டிய அதே இடம்!

“மேடம், மேசை!”

றம்லா தாளில் ஏதோ குறித்தார்.

லோஜினி தாழப் பறந்து, இறங்காமல் மேலே எழுந்தாள். ஊர் கைதட்டி ஆரவாரித்தது. விமானம் வணக்கம் சொல்கிறதாம். கீழே நின்ற ஓடுபாதைப் பொறுப்பாளரை ரேடியோவில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கிப் பாட்டில் அந்த மனிதருக்கு எங்கே கேட்கும்? இரண்டாவது சுற்றில் சனம் இன்னும் கூடிவிட்டது. மாலையோடு நின்ற அம்மா ஒருவர் வா வா என்று கையை ஆட்டினார்.

மேசைக்கு அப்பால் இறங்கலாமா? அவளுக்கு ஆசைதான். ஆனால் ஓடி நிற்க மிச்சப் பாதை போதாது.

“ஏலாது மேடம். நான் திரும்புறன்.”

கொண்டுவந்த பெட்டிகளை இறக்காதவளுக்கு யார் பாஸ் போடுவார்கள்? அழுகையை விழுங்கிக்கொண்டு விமானத்தைத் திருகோணமலைப் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. வந்த விருந்தாளி வாசலோடு போகிறாள்!

றம்லா திரும்பிப் பார்த்து வெடித்துச் சிரித்தார். “மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடுகினம்! பெற்றோல் எப்பிடி?”

“ஒரு சுற்றுக்குத் தாராளமாக் காணும்.”

திரும்பி வந்து, பாதை வெறுமையானதைப் பார்த்தபின் இறங்கினாள். குலுக்கமே இல்லை.

மாலைக்கார அம்மா, குணேஸ்வரி, முறைத்தபடியே மாலையைப் போட்டார். “என்ன பிள்ளை, ரெண்டு தரம் எட்டிப் பாத்திட்டுப் போறியள்? எங்களில என்ன குறை கண்டனீங்கள்?”

“வாசலை மறிச்செல்லோ அம்மா நிறைகுடம் வைச்சனீங்கள்!”

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. லோஜினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வடை தின்றுகொண்டிருந்த றம்லாவிடம் மெல்லப் போனாள்.

“மேடம், நான் பாஸா?”

“ஏலாது எண்டு நீங்கள் திரும்பினவுடனேயே பாஸ். இறங்கினது இந்தச் சனத்துக்காக.”

லோஜினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காரணம் என்னவென்று கேட்காமலே குணேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.