எல் போர்டுக்கு ஹார்ன் அடிக்காதே

பிரேக் வாத்தியார் தேர்தலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஊரில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப் பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். அவர்கள் சிரிக்கவில்லை, பழைய ஞாபகத்தில் வியர்த்தார்கள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து மனிதரின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் மிதிக்கும், சினிமா தியேட்டரில் மிதிக்கும், மனைவி வேகமாகத் திட்ட ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிக்கும்.

“மிதிங்க, நல்லா மிதிங்க. நான் நிக்கிற வண்டி இல்ல” என்பாள் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவருக்கு எதற்கு அரசியல்? எல்லாம் மைதானத்தால் வந்த வினை. சந்தைக்குப் பின்னால் புல்லும் கல்லுமாகக் கிடந்த நகராட்சி மைதானத்தில்தான் அவருடைய ஸ்கூல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று இந்த ஊர்மேல் காதல் வந்து, அந்த மைதானத்தில் ஒரு கிளை கட்டப்போவதாக அறிவித்தது. ஊர் பூராவும் படம் ஒட்டினார்கள். படத்தில் ஐந்து மாடிக் கட்டடம், அதற்கு முன்னால் ஒரு குளம், குளத்தில் வாத்து. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் வாத்துக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

மைதானத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் புதிதாக வரப்போகும் நகராட்சித் தலைவர் கையில் இருந்தது. ஊரில் மற்ற காலியிடமெல்லாம் எப்போதோ வீடாகிவிட்டது. தெருவில் கற்றுக்கொடுத்தால் போலீஸ் துரத்தும். மைதானம் போனால் வாத்தியார் ஸ்கூலைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால்தான் தலைவர் பதவிக்கு நின்றார்.

எதிர்த்து நின்றவர் பல் டாக்டரம்மா. பல்கலைக்கழகம் வந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. ஊரில் அவர் முன்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் ‘ஆ’ என்பதோடு சரி.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, நகராட்சி மண்டபத்தில் இருவரும் நேருக்கு நேர் விவாதம் செய்வதாக ஏற்பாடு. அன்று காலை ஸ்கூல் ஆபீசில் வாத்தியாரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையில் இறங்கினாள். அவள் தம்பி, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“டாக்டரம்மா உங்ககிட்டதானே வண்டி கத்துக்கிட்டாங்க?”

“ஆமா. நாலு தடவ டெஸ்ட்ல கோட்டை விட்டாங்க.”

“ஏன்? கை நல்லா ஓடுமே அவங்களுக்கு.”

“கை ஓடும். கூட்டத்தப் பாத்தா ஆளு கல்லாயிடுவாங்க. பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சாப் போதும், ஸ்டீயரிங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துடுவாங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சினன் முகத்தில் பல்பு எரிந்ததை அவர் பார்த்திருந்தால் மேற்கொண்டு நடந்தது நடந்திருக்காது.

“அப்ப நீங்க ஒண்ணும் வெட்டி முறிக்க வேணாம்” என்றாள் மனைவி. “அவங்க தானா நின்னுடுவாங்க. நீங்க வாய மூடிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருங்க. உங்களால முடியுமா?”

“என்னடி இது, சும்மா உட்காரக்கூடவா தெரியாது எனக்கு?”

மண்டபம் நிரம்பி வழிந்தது. விவாதத்தில் அக்கறை உள்ளவர்கள் முன்வரிசையிலும், மின்விசிறியில் அக்கறை உள்ளவர்கள் அதற்குக் கீழேயும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் நூலகர். வாழ்நாள் பூராவும் ‘சத்தம் போடாதீங்க’ என்று சொல்லியே பழகியவர், பேசச் சொல்வதற்கு ரொம்பச் சிரமப்பட்டார். முதலில் டாக்டரம்மா.

டாக்டரம்மா மைக் முன்னால் வந்து, “அன்பான” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “அன்பான” என்றார் மறுபடியும்.

அப்போது பின்வரிசையிலிருந்து கிளம்பியது ஒரு லாரி ஹார்ன். காது கிழிகிற சத்தம். மச்சினன் கடையிலிருந்த பெரிய ஹார்னை பேட்டரியோடு தூக்கி வந்து மடியில் வைத்திருந்தான். ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் இன்னொரு தடவை அழுத்தினான்.

டாக்டரம்மா மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண் நிலைகுத்திப் போயிருந்தது. வாத்தியாருக்கு அந்தக் கைகளைத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்த கைகள்! அவருடைய வலது கால் தரையில் ஓங்கி மிதித்தது.

முன்வரிசையிலிருந்த மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று, மைதானம் நிலைத்தாயிற்று.

மூன்றாவது ஹார்ன் அடித்தது.

பயிற்சிக் காருக்குப் பின்னால் ஹார்ன் அடித்த பஸ்ஸை நடுரோட்டில் மறித்து, பயணிகள் அத்தனை பேர் முன்னாலும் டிரைவரை மன்னிப்புக் கேட்க வைத்த மனிதர் இவர். ஸ்கூல் சுவரில் பெயரைவிடப் பெரிதாக அவர் எழுதி வைத்திருப்பதே ‘எல் போர்டுக்கு ஹார்ன் அடிக்காதே’ என்பதுதான். எழுந்துவிட்டார்.

“டேய்! அறிவிருக்காடா உனக்கு? கத்துக்கறவங்க பின்னாடி நின்னு எவனாவது ஹார்ன் அடிப்பானா?”

“மாமா, நான் நம்ம ஆளு!” என்று மச்சினன் கத்தினான்.

“எவனா இருந்தா எனக்கென்ன? வைடா கீழ!”

மச்சினன் ஹார்னைக் கீழே வைத்தான். வாத்தியார் டாக்டரம்மா பக்கத்தில் போய் நின்றார், இடது பக்கமாக, காரில் உட்காருவது போலவே.

“ஒண்ணும் ஆகல. மூச்ச விடுங்க. பின்னாடி வர்றவன் அவசரம் அவனோட. முன்னாடி மட்டும் பாருங்க. முதல் கியர்… மெதுவா… ம், இப்ப விடுங்க.”

டாக்டரம்மாவின் கை தளர்ந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

“எனக்குப் பேசத் தெரியாது” என்று ஆரம்பித்தார். “எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே வயசானவங்க. இருக்கற பல்ல எண்ணிக் குடுத்துட்டுப் போறாங்க. இந்த ஊருல பால் பல்லு விழுந்த பிள்ளைங்க பூராவும் வளர்ந்ததும் படிக்கறதுக்கு ரயில் ஏறிட்டாங்க. என் பொண்ணும் ஏறிட்டா. ஒருத்தரும் திரும்பி வரல. எனக்குக் குளமும் வேணாம், வாத்தும் வேணாம். பிள்ளைங்க ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வரணும்.”

முன்வரிசையில் ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வாத்தியாரும் தன்னை மறந்து, “சபாஷ், ரெண்டாவது கியர்!” என்றார்.

பிறகு அவர் முறை வந்தது. மனைவி எழுதிக் கொடுத்திருந்தது சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

“மைதானம் போனா எனக்கு வேற இடமில்ல” என்றார். “அவ்வளவுதான்.”

அது முழு உண்மை. ஆனால் உண்மைக்கு யாரும் கைதட்டவில்லை.

டாக்டரம்மா ஜெயித்தார். மறுநாளே ஆபீசுக்கு வந்து, “சார், உங்களாலதான்…” என்று தழுதழுத்தார்.

“தெரியும்மா” என்றாள் மனைவி. “ஊருக்கே தெரியும்.”

“வேற இடம் கண்டிப்பா பாத்துத் தர்றேன் சார்.”

“எங்கம்மா இருக்கு?” என்று வாத்தியார் கேட்டார்.

கல் ஏற்றிய முதல் லாரி ஒரு காலை நேரத்தில் வந்தது. மைதானத்தின் வாசலில் இரண்டு கல்தூண்கள், நடுவில் ஒரு லாரிதான் நுழையும். டிரைவர் புது ஆள். பின்பக்கமாக வருகிறேன் என்று இந்தத் தூணில் இடிக்கப் பார்த்தான், அப்புறம் அந்தத் தூணில். வெளியே நிறுத்திய காரில் ஸ்கூல் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த வாத்தியார் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

“ஏங்க” என்றாள் மனைவி. “சும்மா இருங்க. இந்த ஒரு தடவையாவது.”

அதற்குள் அவர் லாரிக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கியாயிற்று.

“வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடி… கண்ணாடியப் பாருப்பா, என்னைப் பாக்காத… வரட்டும்… போதும்!”

தூணில் ஒரு கீறல் விழாமல் லாரி உள்ளே வந்து, அவர் தினமும் காரை நிறுத்தும் இடத்தில் நின்றது. “ரொம்ப தாங்க்ஸ்ணே” என்று டிரைவர் தலையை நீட்டிச் சொன்னான். கல்லைக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

மனைவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாரின் வலது கால் மண்ணை அழுத்தி மிதித்துக்கொண்டே இருந்தது. அடுத்த லாரி வாசலில் திரும்பியது.