மூன்றாம் நம்பர் ஆசாமி

மினசோட்டாவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சர்ஜன்கள் என்னையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். ஒருவருடைய ஆபரேஷன் கோணலானால் மற்ற மூவரும் அலசி, பெயர் போடாமல் நம்பர் மட்டும் போட்டு எழுதித் தரவேண்டும். யார் எழுதியது என்று கோர்ட்டே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. நாங்களாக உளறினால் தொலைந்தோம். இப்படியொரு சட்டம் இல்லாவிட்டால் எவன் உண்மையை எழுதுவான்?

எங்களில் ஒருவனான டேலின் ஆபரேஷன் கோணலான கேஸில் மூன்றாம் நம்பர் நான். என் கார் குளிரில் மண்டையைப் போட்டிருந்ததால் அந்த வாரம் முழுக்க அவன் காரில்தான் போக்குவரத்து. நல்ல பொருத்தம்!

"மாரிட், ஒண்ணும் ரெண்டும் மனுஷங்க. இந்த மூணு இருக்கே... 'பக்கத்து ரூம் சர்ஜனைக் கூப்பிட்டிருக்கலாமே, அவர் என்ன அலங்காரத்துக்கா இருந்தார்?'னு எழுதியிருக்கு. என்ன திமிரு!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினான் டேல்.

காப்பி எனக்குப் புரையேறியது. "அந்த பேஷண்ட் அம்மா எப்படி இருக்காங்க?"

"மறுபடி திறக்க வேண்டியதாப் போச்சு. பொழச்சுட்டாங்க." குரல் இறங்கியது, உடனே ஏறியது. "இது பீட்டோட வேலைதான். சனிக்கிழமை என் குடிலுக்கு வரவேணாம்னு சொல்லிட்டேன்."

பாவம் பீட். நாங்கள் நால்வரில் ஒருவன். உறைந்த ஏரிமேல் டேல் போட்டிருக்கும் குடிலில் ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருப்பான். 'அவன் இல்லை' என்று சொன்னால் அதுவும் பாதி உளறல். வாயை மூடிக்கொண்டேன். நான் எழுதியது சரிதான். ஆனால் அடி வேறொருவன் தலையில் விழுந்ததே என்று எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். "டேல் உங்களைக் கூப்பிடறார், ரத்தம் நிக்கலையாம்."

ஓடினேன். டேல் ஒற்றை ஆளாகப் போராடிக்கொண்டிருந்தான். பயிற்சி டாக்டர்கள் இருவர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்து பிடிங்கப்பா! என்ன, அலங்காரத்துக்கா நிக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன்.

டேல் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். பிறகு குனிந்துகொண்டான். இருவருமாக ரத்தத்தை நிறுத்தினோம்.

மாலை மறுபடி அவன் கார்தான். இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. வெளியே அடித்த குளிர் தடுத்தது.

"பீட்டை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றான். "நீயும் வா, தாயே."

"திடீர்னு ஏன் மனசு மாறிச்சு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது மாரிட். சட்டம் இருக்கு."