நான்கு அடுக்குச் சுவர்

மேனகாவுக்கு ஈஸ்ட் என்ற பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி போட்டால் அது ஸ்போர் எனும் உறங்கும் வித்தாக மாறி, தன்னைச் சுற்றி நான்கு அடுக்குச் சுவர் கட்டிக்கொள்ள வேண்டும். வெளி அடுக்கில் டைரோசின் மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாகப் பிணைந்திருப்பதால், புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். மூன்று வாரமாக, ஈஸ்ட் வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் ஒன்றுகூட ஒளிரவில்லை.

"அண்ணே, தட்டுல சர்க்கரை கிர்க்கரை கலந்துட்டீங்களா? வயிறு ரொம்பிட்டா இது எதுக்குச் செவுரு கட்டப் போவுது?" என்று ஆய்வக உதவியாளர் தணிகாசலத்தின் மேல் பாய்ந்தாள்.

"நான் ஒண்ணும் கலக்கல மேடம். வெளக்கப் பாத்தீங்களா?"

"அதான் எரியுதே!"

கண்ணுக்குக் கெடுதல் என்று அந்தக் கைவிளக்கின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. தணிகாசலம் அதை அணைத்துவிட்டுத் திருப்பினார். கண்ணாடி முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு இதுல போய்ப் பூசின அறிவாளி யாரு?" மேனகா கத்தினாள்.

தணிகாசலம் ஈரத்துணியை எடுத்தார்.

"நீங்கதான் மேடம். செவுரு நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டு, அழுத்தி அழுத்திப் பூசுனீங்க."