நிழலை வைத்து அளந்த மரம்

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு பெண் தோழியிடம், “இண்டைக்கு முழுக்கப் பாலைவனத்திலதான் நிண்டனான், கண் எரியுது” என்றாள். வெள்ளவத்தையில் இறங்கிப் போய்விட்டாள். மிச்சமெல்லாம் என் கற்பனை. அவளுக்கு மேனுகா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: “பரந்து விரிந்த மணற்பரப்பில் தன்னந்தனியே—”

வேண்டாம். மேனுகா மணலை மிதித்ததே வெள்ளவத்தைக் கடற்கரையில்தான். அலுவலகத்தில், குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்து, விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களில் எங்கோ தூரநாட்டுப் பாலைவன மரங்களைத் தேடி அளப்பது அவள் வேலை. மேலிருந்து பார்த்தால் மரம் ஒரு கரும்புள்ளி. நிழலின் நீளமும் சூரியன் நின்ற கோணமும் தெரிந்தால் உயரம் கிடைத்துவிடும்.

ஒருநாள், புதுச்சாலை போடவிருந்த இடத்தில் அப்படியொரு புள்ளி. கணினி அதைக் கல் என்றது; மேனுகாவுக்கு மரமென்று பட்டது. மரங்களைக் குறித்த வரைபடத்தை அன்று பின்னேரமே சாலைக்காரருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் புல்டோசர் வரும்.

3

(மேலாளர் மக்கீனை முதலில் கெட்டவராக எழுதினேன். கதைக்கு வசதி. ஆனால் வாயைத் திறந்ததும் மனிதர் அப்படி இருக்க மறுத்துவிட்டார்.)

“கல்லுதானே மேனுகா. மரமெண்டா காரணத்தக் காட்டுங்க, நான் நிப்பாட்டுறேன்.”

மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அகச்சிவப்புப் படங்களை அவள் அருகருகே வைத்தாள். இலை துளிர்த்திருந்தால் பளிச்சென்று தெரியும். புள்ளி மாறவே இல்லை. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

“சேர், கொஞ்சம் பொறுங்கோ.”

சூரியன் தாழ்ந்திருந்தபோது எடுத்த பழைய படமொன்றைத் தேடிப் பெரிதாக்கினாள். நிழலில் முதலில் மெல்லிய கோடு, அதற்கப்பால்தான் உருண்டை.

“கல்லுக்கு அடிமரம் இருக்குமோ சேர்?”

மக்கீன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இருக்காது” என்றார். வரைபடத்தை அனுப்பவில்லை. சாலைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, போய்ப் பார்க்கச் சொன்னார். அவர்கள் கத்தியது மேனுகாவின் மேசைவரை கேட்டது.

4

மறுநாள் புகைப்படம் வந்தது. முள்மரம். மழை அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லையாம். ஆனாலும் கிளை நுனிகளில் பச்சை இருந்தது. கீழே ஆடு மேய்ப்பவர்களும் சாலை வேலையாட்களும் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பு கட்டி அளந்ததில், மேனுகா நிழலை வைத்துச் சொன்ன உயரத்தைவிட ஒரு முழம் குறைவு.

“ஒரு முழம்தானே!” என்று மக்கீன் அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சாலை கொஞ்சம் வளைந்தது. (மரத்தைச் சாய்த்து முடிக்கும் பிரதி ஒன்றும் எழுதினேன். வாசித்தபோது எனக்கே பொய்யாகப்பட்டது.)

5

வந்து பார்க்கச் சொல்லிச் சாலைக்காரர் அவளை அழைத்திருக்கிறார்கள். இடியப்பத்தைப் பிசைந்தபடி கணவன் ஜனா கேட்கிறான்:

“போகப் போறீரோ?”

“மேல இருந்து பாத்துப் பழகிட்டன். கீழ நிண்டு பாத்தா அது வேற மரமெல்லோ?”

“அதுக்குத்தானே போறது.”

மேனுகா சிரித்துக்கொண்டே சொதி ஊற்றுகிறாள். பதில் சொல்லப் போகிறாள். ‘ஓம்’ என்றும் எழுதிப் பார்த்தேன், ‘இல்லை’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். எழுதுகிறவனுக்கு அதற்குமேல் அங்கே என்ன வேலை? நீங்களே கேளுங்கள்.